கோபன்ஹேகன் போகலாம் வாங்க!

எங்கள் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கத்தில் ஐரோப்பா என்பது புதிய வார்த்தை அல்ல. இங்கே தைத்த ஷூக்கள் அட்டைப் பெட்டிகளில் அடுக்கப்பட்டு, லாரி ஏறி, சென்னைத் துறைமுகம் போய், கப்பலில் ஐரோப்பிய ஊர்களுக்குப் போவது தினசரி நடக்கிற காரியம். 'எங்க வீட்டுக்காரர் ஜெர்மனி போயிருக்கார்', 'தம்பி இத்தாலியில் தோல் கண்காட்சிக்குப் போயிருக்கான்' என்ற பேச்சும் தெருவுக்குத் தெரு கேட்கும். ஆனால் அந்த வீட்டுப் பெண்கள்? பெரும்பாலும் திருப்பதி, ஏலகிரி, வேளாங்கண்ணி, நாகூர். அதைத் தாண்டினால் ஊட்டி. அவ்வளவுதான்!

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருபத்தாறு வருஷமாக ஷூவின் மேல்பாகம் தைக்கிறவர். ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நான் தச்ச ஷூவு ஐரோப்பா பூரா நடக்குதும்மா. நான்தான் ராணிப்பேட்டையைத் தாண்டல." அவருடைய மகன் இப்போது டென்மார்க்கில் மேல்படிப்புப் படிக்கிறான். "வாம்மா, ஒரு வாரம் பாத்துட்டுப் போ" என்று கூப்பிடுகிறான். அக்கா சொல்லும் பதில், "பொண்ணு கல்யாணம் முடியட்டும்டா, பாத்துக்கலாம்." இந்தப் 'பாத்துக்கலாம்' என்ற ஒரு வார்த்தையில் எத்தனை பெண்களின் ஆசை கரைந்து போயிருக்கிறது! கல்யாணம் முடிந்தால் பிரசவம், பிரசவம் முடிந்தால் பேரன். அதற்குள் முழங்கால் 'நான் வரமாட்டேன்' என்று உட்கார்ந்துவிடும். பணத்தைக்கூடப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். நடக்கிற காலைப் பிறகு சம்பாதிக்க முடியாது.

அந்த அக்காவுக்காக விசாரித்து ஒரு நோட்டில் எழுதிவைத்த விவரங்களே இந்தக் கட்டுரை. கல்யாணத்துக்குப் பந்தல், சமையல், சத்திரம், சீர் என்று அத்தனையும் திட்டம் போடுகிற நமக்கு, ஒரு வாரப் பிரயாணம் திட்டம் போடுவது பெரிய காரியமே இல்லை, சகோதரிகளே!

ஏன் கோபன்ஹேகன்?

லண்டன், பாரிஸ் எல்லாம் இருக்க, டென்மார்க்கின் தலைநகருக்கு ஏன் போகவேண்டும்? நமக்கும் அந்த ஊருக்கும் நானூறு வருஷ உறவு உண்டு என்பதுதான் காரணம்.

1588 முதல் 1648 வரை டென்மார்க்கை ஆண்டவர் நான்காம் கிறிஸ்டியன் என்ற அரசர். மிளகு, துணி வியாபாரத்தில் அவருக்கும் ஆசை. 1616-ல் டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி ஆரம்பமானது. 1618 நவம்பரில், இருபத்து நான்கு வயதுகூட நிரம்பாத ஓவே யெட்டே என்பவர் தலைமையில் கோபன்ஹேகனிலிருந்து கப்பல்கள் கிளம்பின. வழியில் எத்தனையோ பேர் நோயில் செத்தார்கள். முதலில் இலங்கையில் கால் ஊன்றப் பார்த்தார்கள், நடக்கவில்லை. பிறகு தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் வந்து, 1620-ல் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அப்படிக் கிடைத்த கடற்கரை ஊர்தான் நம் தரங்கம்பாடி. அங்கே இன்றும் நிற்கும் டேன்ஸ்போர்க் கோட்டை அந்தச் சமயத்தில் எழுந்ததே.

ரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்கத் தகட்டில் ஓலை மாதிரி ஒரு கடிதம் அனுப்பினார். அது இன்றும் கோபன்ஹேகனில் டென்மார்க் தேசிய ஆவணக் காப்பகத்தின் சொத்து. (காட்சிசாலைப் பொருள் அல்ல, காப்பகப் பொருள். ஆகவே அதைப் பார்த்தே தீருவேன் என்று கிளம்பிவிடாதீர்கள்!) 1706-ல் டென்மார்க் அரசர் நான்காம் ஃப்ரெடெரிக் அனுப்பிய சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில் இறங்கித் தமிழ் கற்று, அச்சகம் வைத்து, தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். 1845-ல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள்.

அதோடு உறவு அறுந்துவிடவில்லை. நமக்குப் பக்கத்துத் திருவண்ணாமலையில் டேனிஷ் மிஷன் பள்ளிக்கூடம் இருப்பது பலருக்குத் தெரியும். பரங்கிப்பேட்டையில் பெண்களுக்கென்று சேவா மந்திர் பள்ளியை ஆரம்பித்தவரும் ஆன் மரீ பீட்டர்சன் என்ற டென்மார்க் பெண்மணியே. அதற்கு 1921-ல் அடிக்கல் நாட்டியவர் காந்தியடிகள். நூறு வருஷத்துக்கு முன்னால் அந்த ஊர்ப் பெண் தனியாக இங்கே வந்து பள்ளிக்கூடம் நடத்தியிருக்கிறாள். நாம் ஒரு வாரம் போய்ப் பார்த்துவிட்டு வர யோசிக்கலாமா?

இன்னொரு சௌகரியமும் உண்டு. கோபன்ஹேகன் அடக்கமான ஊர். பார்க்கவேண்டிய இடங்கள் ஒன்றுக்கொன்று கிட்டத்தில் இருக்கின்றன. தரை சமம், மலை ஏற்றம் இல்லை. நடுத்தர வயதுப் பெண்களுக்கு ஏற்ற தலைநகரம்.

எப்போது போகலாம்?

ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள் உத்தமம். அப்போது பகலில் 20 டிகிரி சுமாருக்கு இருக்கும். நம் ஊர் மார்கழிக் காலை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூனில் சூரியன் காலை நாலரைக்கு உதித்து இரவு பத்து மணிக்குத்தான் அஸ்தமிக்கும்! பகல் நீளம் என்பதால் அவசரமில்லாமல் சுற்றலாம். தொழுகிறவர்கள் மக்ரிப் வேளையே பத்து மணிக்குத்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளவும். பள்ளி விடுமுறையை உத்தேசித்து மே மாதம் போகிறவர்களுக்குக் குளிர் கொஞ்சம் கூடுதல், கம்பளி அவசியம். டிசம்பரில் பகல் ஏழு மணி நேரம்தான். மூட்டுவலிக்காரர்கள் அந்தப் பக்கம் தலைவைக்க வேண்டாம்.

முதலில் உங்கள் பெயரில் ஒரு பாஸ்போர்ட்

வீட்டுக்காரருக்கு இருக்கும், பிள்ளைக்கு இருக்கும், நமக்கு இருக்காது. முதல் வேலை அதுதான். வேலூர் தலைமைத் தபால் நிலையத்திலேயே பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது. சாதாரண 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய்.

இதில் பெண்கள் மாட்டிக்கொள்ளும் இடம் பெயர். ஆதாரில் ஒரு பெயர், பேங்க் புத்தகத்தில் இனிஷியலோடு ஒரு பெயர், ரேஷன் கார்டில் கணவர் பெயரோடு இன்னொன்று! பாஸ்போர்ட் எழுதிப் போடுவதற்கு முன்பே ஆதார், பான் கார்டு, பேங்க் கணக்கு மூன்றிலும் ஒரே மாதிரி திருத்திக்கொள்ளுங்கள். இனிஷியலை விரித்து எழுதி, குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடாமல் நிரப்பினால் பின்னால் டிக்கெட் போடும்போது தொல்லை இல்லை. கணவர் பெயரையும் பாஸ்போர்ட்டில் சேர்த்துவிடுங்கள். அவர் செலவில் போகிறீர்கள் என்று விசாவுக்குக் காட்ட அது உதவும்.

விசா விஷயம்

டென்மார்க்குக்கு வேண்டியது 'ஷெங்கன்' விசா. ஒரே விசாவில் ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் போகலாம். ஆனால் எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். சென்னையில் உள்ள விண்ணப்ப மையத்துக்கு நாமே நேரில் போய்க் கைரேகை கொடுக்கவேண்டும். ஆம்பூரிலிருந்து காலை ரயில் பிடித்துப் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம். அதற்குத் தகுந்தாற்போல் நேரம் குறித்து வாங்குங்கள்.

கிளம்புவதற்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசியாக 15 நாளுக்கு முன்பாவது கொடுத்தாகவேண்டும். கோடையில் கூட்டம் நெரியும் என்பதால் மூன்று மாதம் முன்பே கொடுப்பது புத்திசாலித்தனம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ (2024 ஜூன் முதல்), 6 முதல் 11 வயது வரை பாதி. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா கிடைக்காவிட்டால் இந்தப் பணம் திரும்பி வராது. ஆகவே காகிதங்களைக் கல்யாணப் பத்திரிகை சரிபார்ப்பது போல் நாலு தடவை சரிபார்க்கவேண்டும்.

வேண்டியவை: திரும்பி வந்த பிறகும் மூன்று மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாகும் பாஸ்போர்ட், போட்டோ, போக வர டிக்கெட் பதிவு, தங்கும் இடத்தின் அத்தாட்சி, பேங்க் கணக்கு விவரம், வருமானவரிக் கணக்கு, கணவரின் கம்பெனி லீவு கடிதம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவ இன்ஷூரன்ஸ். பிள்ளை வீட்டில் தங்குவதானால் அவன் அங்கிருந்து அனுப்பும் அழைப்பும் சேர வேண்டும்.

நம் ஊர் வழக்கத்தை வைத்து ஓர் எச்சரிக்கை. பெரும்பாலோர் பிரயாணத்துக்கென்று சீட்டுக் கட்டுவோம். சீட்டு எடுத்த பணத்தை விண்ணப்பத்துக்கு முதல் வாரம் மொத்தமாகக் கணக்கில் போட்டால், 'இந்தப் பணம் எங்கிருந்து வந்தது?' என்ற கேள்வி எழும். மூன்று நாலு மாதம் முன்பே சீட்டை எடுத்துக் கணக்கில் போட்டு, ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். விசா கைக்கு வருமுன் பணம் திரும்பாத டிக்கெட் வாங்காதீர்கள். போய்ச் சேர்ந்ததும் எல்லையில் போட்டோ எடுத்து, கைரேகையைச் சரிபார்ப்பார்கள். 2025 அக்டோபரில் வந்த புது முறை இது. பயப்பட ஒன்றுமில்லை.

கையைக் கடிக்குமா?

கடிக்கத்தான் செய்யும்! டென்மார்க் விலைவாசிக்குப் பேர் போன நாடு. அங்கே யூரோ இல்லை; பணத்துக்குப் பெயர் குரோன். கணக்குக்கு ஒரு குரோன் 13 ரூபாய் என்று வைத்துக்கொண்டு, போகும் சமயத்து விலையைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். ஒரு காபி 40 குரோன், அதாவது 520 ரூபாய்! காபி குடிக்கும்போது மட்டும் ரூபாயில் பெருக்காதீர்கள், தொண்டையில் இறங்காது.

கணவன் மனைவி இருவர், ஐந்து இரவு, சிக்கனமாக என்று ஒரு மாதிரிக் கணக்கு:

அறை, நாளுக்கு 1,200 வீதம்: 6,000 குரோன்
சாப்பாடு, பாதி நாம் கொண்டுபோனது: 2,500 குரோன்
ரயில், பஸ், நுழைவுச்சீட்டு: 3,000 குரோன்
மொத்தம் 11,500 குரோன், சுமார் ஒன்றரை லட்சம் ரூபாய்.

இதற்கு மேல் விமான டிக்கெட், விசா, இன்ஷூரன்ஸ். சென்னையிலிருந்து நேர் விமானம் கிடையாது. தோஹா, துபாய், ஃப்ராங்க்ஃபர்ட் போன்ற இடத்தில் மாறவேண்டும். மாறும் இடத்தில் இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி இருக்கிற டிக்கெட்டாகப் பாருங்கள். ஐம்பது நிமிஷத்தில் ஓடுவது நம் காலுக்கு ஆகாது. பிள்ளை வீட்டில் தங்கினால் அறைச் செலவு மிச்சம்.

அங்கே ரொக்கப் பணம் புழங்குவது ரொம்பக் குறைவு, கார்டுதான். பேங்கில் வெளிநாட்டுப் பிரயாணக் கார்டு வாங்கி, ரகசிய எண்ணை நீங்களும் மனப்பாடம் செய்யுங்கள். 'அவருக்குத் தெரியும்' என்று விடவேண்டாம். டூர் கம்பெனி மூலம் போனால், முன்பணத்தோடு வருமானவரிக்கென்று ஒரு தொகை பிடிப்பார்கள். வருமானவரிக் கணக்கு கொடுக்கும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம். ரசீதை விடாதீர்கள்.

உடம்பைத் தயார் செய்வது

மூன்று மாதம் முன்பே ஆரம்பிக்கவேண்டிய வேலை இது. ஊர் பார்ப்பதென்றால் தினம் ஏழெட்டுக் கிலோமீட்டர் நடை சாதாரணம். முதல் வாரம் இருபது நிமிஷம், பிறகு வாரா வாரம் ஐந்து ஐந்து நிமிஷமாகக் கூட்டி, ஒரு மணி நேரத்துக்கு வாருங்கள். வேலூர்க்காரர்களுக்குக் கோட்டை இருக்கிறது. அகழியைச் சுற்றி வந்தாலே போதும். முழங்கால் வலி இருந்தால் டாக்டரைக் கேட்டுத் தொடைத் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஒரு மாதம் முன்பு பரிசோதனை செய்துகொண்டு, மருந்துகளின் மூலப் பெயர் எழுதிய டாக்டர் சீட்டு வாங்கிக்கொள்ளவேண்டும். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டக்கூடாது. இன்சுலினும் ஒரு வார மாத்திரையும் கைப்பையில்; பெட்டி தொலைந்தாலும் மருந்து தொலையாது. அங்கே கோடையில் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். மருந்து வேளையை எப்படி மாற்றுவது என்று டாக்டரிடமே குறித்து வாங்குங்கள். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது இருக்கிற வியாதியை மறைக்காதீர்கள். மறைத்தால் அவசரத்துக்குப் பணம் வராது. அங்கே ஆபத்துக்கு அழைக்கும் எண் 112.

விமானத்தில் கால் வீங்கும். ஒன்றரை மணிக்கு ஒரு தரம் எழுந்து நடங்கள். உட்கார்ந்தபடியே கணுக்காலைச் சுழற்றுங்கள். 'பாத்ரூம் போகணுமே' என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பது நம் பெண்களின் பழைய வியாதி! நீர்க்கடுப்பும் மலச்சிக்கலும் அப்படித்தான் வருகின்றன. அங்கே குழாய்த் தண்ணீரையே தைரியமாகக் குடிக்கலாம். காசு கொடுத்துப் பாட்டில் வாங்கவேண்டியதில்லை. கழிவறையில் காகிதம்தான். ஒரு சின்ன பாட்டில் பையில் இருந்தால் நிம்மதி.

ஷூ நம் ஊர்ச் சமாசாரம்!

தோல் ஊரில் பிறந்துவிட்டு, கால் கொப்புளத்தோடு திரும்பி வந்தால் மானக்கேடு! கோபன்ஹேகனின் பழைய தெருக்களில் கருங்கல் பதித்திருப்பார்கள். மழையில் அது வழுக்கும். ரப்பர்ச் செருப்பு, குதிகால் உயர்ந்த செருப்பு இரண்டும் உதவாது.

ஷூ வாங்க சாயங்காலம் போங்கள். பகல் முழுக்க நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். அந்த அளவுதான் பிரயாண அளவு. அங்கே போடப்போகும் காலுறையைப் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். குதிகாலைப் பிடிக்கும் பின்பாகம் அழுத்தினால் மடங்கக்கூடாது. உள்ளே தோல் லைனிங் இருந்தால் வியர்வையை உறிஞ்சும். அடிப்பாகம் வரி வரியான ரப்பராக இருக்கட்டும்; முன்பக்கம் வளையவேண்டும், நடுவில் முறுக்கினால் முறுக்கக்கூடாது. வாங்கியதும் பெட்டியில் வைக்காதீர்கள். ஒரு மாதம் தினசரி நடைக்கு அதையே போட்டுப் பழக்குங்கள். புது ஷூவோடு விமானம் ஏறுவது வேண்டவே வேண்டாம்.

நனைந்தால் ஹீட்டர் பக்கத்தில் வைக்கக்கூடாது. தோல் காய்ந்து வெடிக்கும். பழைய பேப்பரைக் கசக்கி உள்ளே திணித்து, காற்றில் ஆறவிடவேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் இரவில் பாதத்தை வெளிச்சத்தில் பார்த்துச் சிவப்பு, கொப்புளம் இருக்கிறதா என்று கவனிப்பது அவசியம்.

உடையும் உணவும்

ஒரே கனத்த ஸ்வெட்டரைவிட மெல்லியதாக மூன்று அடுக்கு நல்லது. வெயில் வந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். எந்த மாதத்திலும் மழை வரும், காற்றும் அடிக்கும். குடை பறந்துவிடும் என்பதால் தலைமூடி வைத்த மழைச் சட்டை மேல். புடவைக்காரர்கள் உள்ளே வெதுவெதுப்பான லெக்கிங்ஸ் போட்டுக்கொள்ளலாம்.

முஸ்லிம் சகோதரிகளுக்கு ஒரு விஷயம். டென்மார்க்கில் 2018 ஆகஸ்ட் 1 முதல் பொது இடத்தில் முகத்தை மூடும் திரை சட்டப்படி கூடாது; அபராதம் உண்டு. தலையை மறைத்து முகம் திறந்திருப்பதற்குத் தடை இல்லை. இதை முன்னாலேயே வீட்டில் கலந்து பேசி முடிவு செய்துகொண்டால், அங்கே போய்ச் சங்கடப்பட வேண்டாம்.

கனத்த நகைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கூட்டமான இடங்களில் ஜேப்படிக்காரர்கள் அங்கும் உண்டு.

சாப்பாட்டுக்கு வருவோம். ஆம்பூர் பிரியாணியையும் ஆற்காடு மக்கன் பேடாவையும் மூட்டை கட்டலாம் என்று நினைத்தீர்களா? நடக்காது! நம் நாட்டிலிருந்து ஐரோப்பாவுக்குள் இறைச்சி, பால், நெய் சேர்ந்த எதையும் கொண்டுபோகக்கூடாது. நெய் மைசூர்பாகு, கோவா இனிப்பு எல்லாம் அதில் அடக்கம். பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். பருப்புப்பொடி, புளியோதரைப்பொடி, எண்ணெயில் செய்த முறுக்கு, தட்டை, அவல், ரவா உப்புமா மிக்ஸ் இவை கைகொடுக்கும். சமையல் மூலை உள்ள அறையாக எடுத்தால் பாதிச் செலவு மிச்சம். சூப்பர் மார்க்கெட்டில் தயிர், பால், ரொட்டி, பழம் வாங்கிக்கொள்ளலாம். காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் முன்பணம் திரும்பக் கிடைக்கும். நம் பழைய சோடா பாட்டில் கணக்குதான்! நோரெப்ரோ என்ற பேட்டையில் ஹலால் கடைகளும், பருப்பு வடை மாதிரியான ஃபலாஃபெல் கடைகளும் உண்டு.

நாலு நாள் திட்டம்

கிறிஸ்டியன் அரசரின் பெயரைப் பிடித்துக்கொண்டே போனால் ஊரின் பாதியைப் பார்த்துவிடலாம்.

முதல் நாள்: விமான நிலையத்திலிருந்து மெட்ரோவில் கால் மணியில் ஊருக்குள் வந்துவிடலாம். அந்த ரயிலுக்கு டிரைவர் கிடையாது! மாலையில் நீஹவுன் கால்வாய்க்கரை. வண்ண வண்ண வீடுகள். தேவதைக் கதைகள் எழுதிய ஆன்டர்சன் குடியிருந்த தெரு. உல்லாசப் படகுக்குப் பதில், சாதாரண பஸ் டிக்கெட்டிலேயே போகும் துறைமுகப் படகில் ஏறினாலும் ஊர் தெரியும்.

இரண்டாம் நாள்: ரோசன்போர்க் அரண்மனை. கிறிஸ்டியன் கட்டிய கோடை மாளிகை. கிரீடங்கள், நகைகள் இங்கேதான். காலை 11:30-க்குக் காவல் வீரர்கள் இங்கிருந்து அணிவகுத்துப் போய், 12 மணிக்கு அமாலியன்போர்க் அரண்மனையில் காவல் மாறுவார்கள். காசு கிடையாது. பிறகு 'வட்டக் கோபுரம்'. 1642-ல் கிறிஸ்டியன் வான சாஸ்திரத்துக்காகக் கட்டியது. 209 மீட்டர் சுழல் பாதையாகச் சரிவில் ஏறலாம். உச்சியில் மட்டும் கொஞ்சம் படி. முழங்கால்காரர்கள் மெதுவாக ஏறிவிடலாம். 1716-ல் ருஷ்யச் சக்கரவர்த்தி பீட்டர் குதிரையிலேயே ஏறினாராம்!

மூன்றாம் நாள்: காலையில் கடல்கன்னி சிலை. 1913-ல் வைத்தது; உயரம் 1.25 மீட்டர்தான். 'இவ்வளவுதானா!' என்று ஏமாறாதீர்கள். பிறகு தேசிய அருங்காட்சியகம். பக்கத்தில் கிறிஸ்டியனின் பழைய பங்குச்சந்தைக் கட்டடம். நாலு நாகங்களின் வால் முறுக்கிய அதன் கோபுரம் 2024 ஏப்ரல் 16-ல் தீப்பிடித்து விழுந்துவிட்டது. திரும்பக் கட்ட ஆரம்பித்திருக்கிறார்கள். எதிரே கிறிஸ்டியன்ஸ்போர்க் கோபுரத்தில் லிஃப்டில் ஏறி ஊரைப் பார்க்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை. மாலையில் டிவோலித் தோட்டம். 1843-ல் திறந்த பொழுதுபோக்குப் பூங்கா. விளக்கு ஏற்றிய பிறகுதான் அழகு.

நாலாம் நாள்: ரயிலில் அரை மணிக்குள் ரோஸ்கில்டே. அங்குள்ள பெரிய தேவாலயத்தில்தான் டென்மார்க் அரசர்களும் ராணிகளும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். நம் கடற்கரைக்குக் கப்பல் அனுப்பிய கிறிஸ்டியனும் அங்கேயே உறங்குகிறார். 1995 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம்.

மதியம் ஒரு மணி நேரம் எங்காவது உட்கார்ந்து காலை நீட்டுங்கள். அதையும் திட்டத்தில் எழுதிவிடுங்கள், எழுதாவிட்டால் நடக்காது. சைக்கிள் பாதையில் மட்டும் நிற்காதீர்கள்! அங்கே சைக்கிள்கள் நம் ஊர் பஸ் வேகத்தில் வரும். நடைபாதைக்கும் ரோட்டுக்கும் நடுவே இருப்பது சைக்கிள் பாதை. இரண்டு பக்கமும் பார்த்துக் கடக்கவேண்டும்.

ஒத்திகை ஒன்று போதும்

பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டு, வருகிற வரையில் சும்மா இருக்காதீர்கள். மயிலாடுதுறை போய் அங்கிருந்து பஸ்ஸில் தரங்கம்பாடிக்கு ஒரு தரம் போய்வாருங்கள். டேன்ஸ்போர்க் கோட்டைக்குள் இருக்கும் மியூசியத்தைப் பாருங்கள். 1718-ல் சீகன்பால்கு எழுப்பிய புதிய எருசலேம் ஆலயத்தையும், கடலோரத்து மாசிலாமணி நாதர் கோயிலையும் பாருங்கள். அங்கே பார்த்ததை மனசில் வைத்துக்கொண்டு கோபன்ஹேகன் போனால், ஒவ்வொரு கட்டடமும் தெரிந்த மனிதர் வீடு போலத் தோன்றும்.

புது ஷூவைப் போட்டுக்கொண்டே போங்கள். மருந்துப் பையையும் பொடி டப்பாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளில் எத்தனை கிலோமீட்டர் நடந்தோம், எங்கே கடித்தது, எப்போது களைத்தோம் என்று ஒரு நோட்டில் குறியுங்கள். கோபன்ஹேகனில் ஒரு நாளைக்கு எத்தனை இடம் பார்க்கலாம் என்பதை அந்தக் குறிப்பு சொல்லிவிடும்.

எங்கள் தெரு அக்காவிடம் இதையெல்லாம் படித்துக் காட்டினேன். "கல்யாணத்துக்கும் பாஸ்போர்ட்டுக்கும் என்னா சம்பந்தம்? 1,500 ரூபாதானே, எழுதிப் போட்டுடறேன்" என்றார். போன வாரம் ஆதாரில் பெயர் திருத்தக் கொடுத்தாகிவிட்டது.